கரைப்பது அழுக்கையா, கையையா?

(இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு வந்ததும் நம் வகுப்பில் பலர் பல தலைப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் செயற்கை நுண்ணறிவு, ஒருவர் மின்சார வாகனம், இருவர் காதல் கவிதை. நான் எடுத்துக்கொண்ட தலைப்பைக் கேட்டதும் பேரவைச் செயலாளர் சிரித்துவிட்டார். "பார்ட்ஸ் கழுவுறதைப் பத்தியாடா எழுதப் போறே?" என்றார்.

ஆமாம் நண்பர்களே, கழுவுவதைப் பற்றித்தான்!

நாம் டிப்ளமோ முடித்து எந்தப் பட்டறைக்குள், எந்தத் தொழிற்சாலைக்குள் கால் வைத்தாலும் முதலில் கையில் கொடுக்கப்படும் வேலை எது? லேத் அல்ல, சி.என்.சி. அல்ல. "தம்பி, இதைக் கழுவிட்டு வா" என்பதுதான். எதைக் கொண்டு கழுவுவது என்று யாரும் சொல்வதில்லை. பக்கத்தில் எந்த டின் இருக்கிறதோ அதில் முக்க வேண்டியதுதான். பெட்ரோல் இருந்தால் பெட்ரோல், தின்னர் இருந்தால் தின்னர். ஒரு எந்திரத்துக்கு எந்த ஆயில் ஊற்றுவது என்று முடிவு செய்ய ஃபோர்மேன் வருகிறார். அதே எந்திரத்தை எதில் கழுவுவது என்று முடிவு செய்வது மட்டும் அங்கே சின்னப் பையனாக இருக்கும் எடுபிடி! இது சரியா என்று கேட்கவே இந்தக் கட்டுரை.

கரைப்பானைத் தேர்ந்தெடுப்பது ஒரு பொறியியல் முடிவு என்பது என் கருத்து. அதை நமக்குச் சொல்லித்தர வேண்டும். சொல்லித்தராவிட்டால் நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இதை விளக்க ஒரு சின்னப் பொருளை எடுத்துக்கொள்கிறேன். அது தூண்டில் ரீல்.

ரீல் என்னும் கையடக்க எந்திரம்

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ரீலைத் தெரியும். கையில் தங்கூசியைச் சுற்றிப் பிடிக்கும் பழைய தூண்டில் இன்றும் இருக்கிறது. ஆனால் பாலத்திலும், தூண்டில் வளைவுக் கற்களிலும் ராடும் ரீலுமாய் நின்று பாறை மீனுக்கு வீசுகிறவர்களும் இப்போது நிறையப் பேர். கடல் தண்ணீரில் நாலு நாள் போட்டு எடுத்தால் ரீல் 'கரகர' என்று சத்தம் போட ஆரம்பிக்கும். உடனே அது பட்டறைக்கு வரும்.

அந்த ரீலைப் பிரித்துப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற பொருளில் நாம் மெட்டீரியல்ஸ் பாடத்தில் படிக்கிற அத்தனையும் இருக்கும். பிஸ்டன் கம்பி மாதிரி முன்னும் பின்னும் போகும் எஃகுத் தண்டு, பித்தளைப் பினியன், துத்தநாகக் கலவையிலோ அலுமினியத்திலோ வார்த்த பெரிய கியர், ஸ்டெயின்லெஸ் பேரிங், நைலானில் கார்பன் கலந்து வார்த்த உடம்பு, ரப்பர் ஓ-ரிங், கைப்பிடியில் ஸ்பாஞ்ச் மாதிரியான குமிழ், மீன் இழுக்கும்போது பிரேக் போல வேலை செய்யும் டிராக் வாஷர்கள். இந்த வாஷர்களில் சில கம்பளி ஃபெல்ட், சில கார்பன் ஃபைபர். இதைச் சரியாகக் கழுவத் தெரிந்தவனுக்குக் கார்புரேட்டரும் கியர்பாக்ஸும் கஷ்டமில்லை. அதனால்தான் ரீலை உதாரணமாக எடுத்தேன்.

கழுவும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். என்ன அழுக்கு? என்ன பொருள்? கழுவுவது யார்? இந்த மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை.

முதல் கேள்வி: என்ன அழுக்கு?

ரீலுக்குள் இருப்பது இரண்டு வகை அழுக்கு. ஒன்று உப்பு. மற்றொன்று பழைய கிரீஸ்.

ஒத்த குணமுள்ளது ஒத்ததைக் கரைக்கும் என்று வேதியியல் வகுப்பில் படித்திருக்கிறோம். கிரீஸ் என்பது பெரும்பாலும் பெட்ரோலிய எண்ணெயை லித்தியம் சோப்போடு சேர்த்துக் குழைத்த பொருள். அதைப் பெட்ரோலிய வகைக் கரைப்பான்கள் இளக்கிவிடும். உப்பு அப்படியில்லை. உப்பை நூறு லிட்டர் பெட்ரோலில் போட்டாலும் கரையாது! தண்ணீரில்தான் கரையும்.

இது சின்னக் குழந்தைக்கும் தெரியும் என்பீர்கள். ஆனால் பட்டறையில் நடப்பதைப் பாருங்கள். கடலிலிருந்து வந்த ரீலைப் பிரித்ததும் நேரே பெட்ரோல் டின்னில் முக்குகிறார்கள். கிரீஸ் போய்விடுகிறது, பார்க்கப் பளபளவென்று இருக்கிறது. கியர் பல்லின் அடியிலும் பேரிங் ஓரத்திலும் ஒட்டிய உப்பு அப்படியே இருக்கிறது. மேலே புது கிரீஸைத் தடவி மூடிவிடுகிறார்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரமும் உப்பும் சேர்ந்த இடத்தில் எஃகும் அலுமினியமும் பித்தளையும் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு சின்ன பாட்டரியே உருவாகி அலுமினியத்தைத் தின்ன ஆரம்பிக்கும். இரண்டு மாதத்தில் ரீல் மறுபடி 'கரகர'. வாடிக்கையாளர், "கம்பெனி சரியில்லை" என்று ரீலைத் திட்டுவார். தப்பு ரீலில் இல்லை, கழுவியதில்!

என் அம்மா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. நான் இந்த விஷயத்தை வீட்டில் சொன்னபோது, "உப்பைக் கரைக்கத் தண்ணியை விட்டா வேற என்னல இருக்கு?" என்றார். ஆக, முதல் கரைப்பான் நல்ல தண்ணீர். விலையில்லை, வாடையில்லை, தீப்பிடிக்காது. மீன்பிடித்துத் திரும்பிய அன்றே டிராக் குமிழை இறுக்கி வைத்துவிட்டு, மெல்லிய தண்ணீர்த் தூறலில் ரீலை நனைத்துத் துடைத்துக் காயவைத்தால் பாதி ரீல்கள் பட்டறைக்கே வராது. வாளியில் முக்கவும் கூடாது, பிரஷரில் தண்ணீர் அடிக்கவும் கூடாது. வெளியே இருக்கிற உப்பை அதுவே உள்ளே தள்ளிவிடும். காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: என்ன பொருள்?

அழுக்கைக் கரைக்கிற திரவம் பொருளையும் கரைத்தால் என்ன லாபம்? அசிட்டோனும் தின்னரும் நொடியில் சுத்தம் செய்யும் என்பார்கள். உண்மைதான். ரீல் மேலிருக்கும் பெயின்ட்டையும் சேர்த்துச் சுத்தம் செய்துவிடும்! நைலான் தாங்கும், ஆனால் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் அசிட்டோனில் கூழாகிவிடும். பாலிகார்பனேட் வெடிப்பு விட்டுவிடும். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி கறுப்பு பிளாஸ்டிக்தான். எது எது என்று தெரியாமல் முக்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றோரம் நடப்பது போல.

ரப்பரிலும் இதே கதை. நைட்ரைல் ரப்பர் எண்ணெயையும் மண்ணெண்ணெயையும் தாங்கும், அசிட்டோனில் உப்பிவிடும். இ.பி.டி.எம். ரப்பர் நேர் எதிர். பெட்ரோலிய எண்ணெய் பட்டாலே உப்பும். வண்டிகளின் ஹைட்ராலிக் பிரேக்கில் இருக்கும் ரப்பர் கப் பெரும்பாலும் இந்த இ.பி.டி.எம். ஜாதி. அதனால்தான் பிரேக் சிலிண்டரைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக் கூடாது என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகள் அடித்துச் சொல்கிறார்கள். ரீலில் நடக்கிற தப்பால் ஒரு மீன் போகும். பிரேக்கில் நடந்தால் ஒரு குடும்பமே போகும்.

துருவை எடுக்கிறேன் என்று வினிகரிலும் எலுமிச்சைச் சாற்றிலும் ஊறவைக்கிறவர்களும் உண்டு. அமிலம் துருவோடு நிற்காது. துத்தநாகக் கியரையும் அலுமினியத்தையும் கடிக்கும். ஃபெல்ட் வாஷரை எந்தக் கரைப்பானிலும் போடக் கூடாது. உறிஞ்சிக்கொண்டு பிறகு கக்கிக்கொண்டே இருக்கும். துடைத்து, அதற்குரிய டிராக் கிரீஸைத் தடவினால் போதும், இல்லாவிட்டால் மாற்றிவிடலாம்.

மூன்றாம் கேள்வி: கழுவுவது யார்?

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். என்னைப் படிக்க வைக்க அண்ணன் எட்டாவதோடு நின்று ஒரு பட்டறையில் சேர்ந்தான். ஃபைபர் போட்டு எஞ்சின்களும், அவ்வப்போது ரீல்களும் அங்கே வரும். ஏழு வருடமாக அவன் வெறுங்கையால் பெட்ரோலில் பார்ட்ஸ் கழுவுகிறான். அவன் விரல் நுனிகளில் வெடிப்பு. தோல் காகிதம் மாதிரி காய்ந்து கிடக்கிறது. ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டால் எரிகிறது என்று பல நாள் ஸ்பூனால்தான் சாப்பிடுவான். எங்கள் வீட்டில் உப்பளத்துக் கை ஒன்று, பெட்ரோல் கை ஒன்று. இரண்டு கையும் சேர்ந்துதான் என் கையில் பேனாவைக் கொடுத்தன. அதனால் இது எனக்கு வெறும் பாடம் இல்லை.

ஏன் அப்படி ஆகிறது? தோலுக்கு மேலே இயற்கையாக ஒரு எண்ணெய்ப் பசை இருக்கிறது. கிரீஸைக் கரைக்கிற பெட்ரோலுக்கு அது வேறு, இது வேறு என்று தெரியாது. இரண்டையும் கரைத்துவிடும். பாதுகாப்புப் போன தோலில் வெடிப்பும் அரிப்பும் வரும். அந்த வெடிப்பு வழியே மேலும் உள்ளே போகும்.

உள்ளே போவது எது? பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதி செய்யப்பட்ட பொருள் அது. 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் வந்த பி.எஸ்.-6 பெட்ரோலில்கூட ஒரு சதவீதம் வரை பென்சீன் அனுமதி உண்டு. 2000 பிப்ரவரிக்கு முன்பு கழுவியவர்கள் இன்னும் பாவம். நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது அப்போதுதான். அதில் கலந்த ஈயக் கலவை தோல் வழியாகவே உடம்புக்குள் போகக்கூடியது. பெட்ரோல் எஞ்சினில் எரிப்பதற்காகச் செய்த எரிபொருள். கை கழுவச் செய்ததல்ல.

ஹெக்சேன் என்ற பொருளைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் 24 வயது கார் மெக்கானிக் ஒருவருக்குக் கை கால் மரத்துப்போய், பலம் குறைந்தது. அவர் தினமும் அடித்துக்கொண்டிருந்த ஸ்பிரே பிரேக் கிளீனரில் ஹெக்சேன் இருந்தது. இதே மாதிரி வேறு மெக்கானிக்குகளும் பாதிக்கப்பட்டதை 2001-ல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்டது. ஹெக்சேன் நரம்பைக் கெடுக்கும். அசிட்டோனும் கூடச் சேர்ந்தால் கெடுதி அதிகமாகும். சீனாவில் சூச்சோ நகரத் தொழிற்சாலை ஒன்றில் கைப்பேசித் திரைகளைத் துடைக்க ஆல்கஹாலுக்குப் பதிலாக ஹெக்சேனைக் கொடுத்தார்கள். காரணம், அது சீக்கிரம் காய்கிறதாம்! 2009-ல் அங்கே தொழிலாளர்கள் வரிசையாக நோயில் விழுந்தார்கள். 137 பேர் பாதிக்கப்பட்டதாகத் திரைகளை வாங்கிய ஆப்பிள் நிறுவனமே 2011-ல் வெளியிட்ட அறிக்கையில் சொன்னது. சில நொடி மிச்சம் பிடிக்க மனிதரின் நரம்பை விலையாகக் கொடுத்தார்கள். கரைப்பானைத் தேர்ந்தெடுப்பது சின்ன விஷயம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

தெர்மல் லேபில் படித்தது எதற்கு?

தெர்மல் லேபில் ஃபிளாஷ் பாயின்ட் பரிசோதனை செய்கிறோம். கப்பில் எண்ணெய் ஊற்றி, சூடாக்கி, சின்னச் சுடரைக் காட்டி, 'பக்' என்று மின்னும் வெப்பநிலையைக் குறிக்கிறோம். ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியதோடு மறந்துவிடுகிறோம். அந்த எண்தான் பட்டறையில் நம் உயிரைக் காக்கும் எண்!

பெட்ரோலின் ஃபிளாஷ் பாயின்ட் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரி. அதாவது ஊட்டிக் குளிரிலும் அது தீப்பிடிக்கத் தயார். காற்றில் 1.4 சதவீதம் ஆவி கலந்தாலே போதும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, பத்தடி தள்ளி இருக்கும் வெல்டிங் பொறியையோ டீ போடும் அடுப்பையோ தேடிப் போகும். வாடை வரவில்லை என்று நினைக்கும் இடத்தில் காலடியில் ஆவி இருக்கும்.

மண்ணெண்ணெய்க்கு இந்திய தர நிர்ணயப்படி ஃபிளாஷ் பாயின்ட் குறைந்தது 35 டிகிரி இருக்க வேண்டும். நமது பெட்ரோலியச் சட்ட விதிகள் 23 டிகிரிக்குக் கீழே மின்னுவதை ஏ வகுப்பு என்றும், 23 முதல் 65 வரை பி வகுப்பு என்றும் பிரிக்கின்றன. பெட்ரோல் ஏ, மண்ணெண்ணெயும் டீசலும் பி. எனவே மண்ணெண்ணெய் பெட்ரோலைவிடப் பாதுகாப்பு. ஆனால் 'பாதுகாப்பு' என்றதும் தூங்கிவிடாதீர்கள். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கடியில் வைத்த ட்ரேயில் மண்ணெண்ணெய் 35 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். அப்போது அதுவும் கிட்டத்தட்ட பெட்ரோலின் தம்பிதான். அதை ஸ்பிரேயாக அடித்தால் குளிர்ந்த நேரத்தில்கூடத் தீப்பிடிக்கும்.

தீப்பிடிக்காதது எல்லாம் நல்லதா?

"அப்போ தீப்பிடிக்காத கெமிக்கலை வாங்கிடலாமே" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஒரு காலத்தில் உலகமே அப்படி நினைத்தது. கார்பன் டெட்ரா குளோரைடு தீப்பிடிக்காது. அதைத் தீயணைப்புக் கருவியிலேயே நிரப்பி வைத்தார்கள், துணியும் எந்திரமும் கழுவினார்கள். பிறகுதான் அது கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பதும், சூடான உலோகத்தில் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறுவதும் தெரிந்தது. ஓசோன் படலத்தையும் அது விட்டுவைக்கவில்லை. 1987-ல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கையில் பின்னர் அதையும் சேர்த்தார்கள். 2010 தொடக்கத்திலிருந்து நம்மைப் போன்ற நாடுகளும் அதைக் கரைப்பானாகப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டியதாயிற்று.

அடுத்து வந்தது டிரைகுளோரோ எதிலீன். அதையும் 2012-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு முதல் வகுப்புப் புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் வைத்தது. ஆக, தீக்குப் பயந்து விஷத்தைக் கட்டிக்கொண்டோம். இந்த வரலாறு நமக்குச் சொல்வது ஒன்றுதான். ஒரு கரைப்பானை ஒரே ஒரு குணத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. தீ, ஆவி, தோல், நரம்பு, பொருள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

'இயற்கையானது' என்று எழுதிய பாட்டிலையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கும் லிமோனீன் கிரீஸை நன்றாகக் கரைக்கும், மணமாகவும் இருக்கும். ஆனால் அதுவும் தீப்பிடிக்கும். பழசாகிக் காற்றுப் பட்டால் தோலில் ஒவ்வாமையும் உண்டாக்கும். எருக்கும்பால்கூட இயற்கைதானே!

என் சிபாரிசு

இவ்வளவும் சொல்லிவிட்டு வழி சொல்லாமல் போனால் நியாயமில்லை. ரீல் ஒன்று கைக்கு வந்தால் இந்த வரிசையில் செய்யலாம் என்பது என் கருத்து.

ஒன்று: முதலில் பனியன் வேஸ்ட்டாலும் மரக்குச்சியாலும் பழைய கிரீஸை வழித்து எடுங்கள். துடைக்க முடிந்ததைக் கரைக்க வேண்டிய அவசியமே இல்லை. செலவில்லாத படி இது, பட்டறைகளில் அதிகம் விட்டுப்போவதும் இதுதான்.

இரண்டு: வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். உப்பு முழுக்கப் போகும், லேசான எண்ணெயும் போகும். பிளாஸ்டிக், ரப்பர், பெயின்ட் அடித்த பாகங்களுக்கு இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்று: இறுகிப்போன கிரீஸ் உள்ள உலோகக் கியர்களுக்கும் தண்டுக்கும் மட்டும் மண்ணெண்ணெய் அல்லது பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைன். மூடி போட்ட சின்ன டப்பாவில், ஒரு டம்ளர் அளவு போதும். திறந்த வெளியில், நிழலில், நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு. மெல்லிய ரப்பர் கையுறை பெட்ரோலியப் பொருளுக்கு நிற்காது. பிறகு மறுபடி சோப்புத் தண்ணீர், ஏனென்றால் மண்ணெண்ணெய் பின்னால் ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும்.

நான்கு: பேரிங்குகளுக்குக் கடைசிக் குளியலாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். தண்ணீரையும் மிச்ச எண்ணெயையும் சேர்த்து எடுத்துக்கொண்டு சீக்கிரம் காயும். 2020 கொரோனா நாட்களில் கையில் தேய்த்த சானிடைசர் பலவற்றில் இருந்தது இதுதான். அதற்காகச் சானிடைசர் ஜெல்லை ஊற்றாதீர்கள். அதில் தண்ணீரும் கெட்டியாக்கும் பொருளும் கலந்திருக்கும். இந்த ஆல்கஹாலின் ஃபிளாஷ் பாயின்ட் 12 டிகிரி அளவுதான், எனவே பெட்ரோலுக்குரிய மரியாதை இதற்கும் உண்டு. சின்னப் பாட்டில், பக்கத்தில் நெருப்புக் கூடாது.

ஐந்து: நன்றாகக் காயவைத்து உடனே பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய், கியருக்குக் கிரீஸ். பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் உருளைக் கிளட்ச்சில் கிரீஸ் போடாதீர்கள், வழுக்கும். மெல்லிய எண்ணெய் மட்டும். காய்ந்த பேரிங்கைக் கம்ப்ரஸர் காற்றில் 'விர்' என்று சுழலவிடும் விளையாட்டு வேண்டவே வேண்டாம். குண்டுகள் தெறித்துக் கண் போகும்.

மிஞ்சிய மண்ணெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நம் ஊர்ச் சாக்கடை போய்ச் சேர்வது நம் மீன் வாழும் கடலில். டப்பாவை மூடி ஒரு நாள் வைத்தால் அழுக்கு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம். குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் எந்தக் கரைப்பானையும் ஊற்றி வைக்காதீர்கள். தண்ணீர் என்று நினைத்துக் குழந்தைகள் மண்ணெண்ணெய் குடித்துவிடுவது நம் ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் புதிதல்ல. அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். டியூபை வாயில் வைத்துப் பெட்ரோல் உறிஞ்சுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

"முப்பது வருசமா எனக்கு ஒண்ணும் ஆகலையே"

இதையெல்லாம் அண்ணன் வேலை பார்க்கும் பட்டறை முதலாளியிடம் சொன்னேன். "தம்பி, முப்பது வருசமா பெட்ரோல்லதான் கழுவுறேன். எனக்கு என்ன ஆயிட்டு?" என்றார் அண்ணாச்சி. இந்த வாதத்தை நீங்களும் பல இடத்தில் கேட்டிருப்பீர்கள். எனக்குத் தோன்றும் பதில் இது. ஒன்றும் ஆகாதவர்தான் முப்பது வருடம் கழித்தும் பட்டறையில் உட்கார்ந்து பேசுகிறார். ஆனவர் நடுவிலேயே வேலையை விட்டுப் போயிருப்பார். கை மரத்துப்போனதற்குச் 'சர்க்கரையா இருக்கும்', 'வயசாயிட்டு' என்று பெயர் வைத்திருப்பார்கள். எதனால் என்று கேட்டவர் யார்?

"உன் கையுறைக்கும் ஆல்கஹாலுக்கும் காசு யார் தருவா?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. இது நியாயமான கேள்வி. சின்னப் பட்டறையில் ஒவ்வொரு ரூபாயும் கணக்கு. ஆனால் திறந்த ட்ரேயில் ஊற்றிய பெட்ரோல் பாதி காற்றில் போகிறது. அந்தக் காசு கணக்கில் வருவதில்லை. மண்ணெண்ணெயும் டர்பன்டைனும் அப்படிப் பறப்பதில்லை, தெளியவைத்துத் திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். முதலில் தண்ணீரில் உப்பை எடுத்துவிட்டால் ரிப்பேர் நிற்கும், வாடிக்கையாளர் சண்டைக்கு வரமாட்டார். அண்ணாச்சி முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் மூடி போட்ட டப்பாவும் ஒரு பெட்டிக் கையுறையும் வாங்கி வைத்திருக்கிறார். கார்புரேட்டருக்கு இன்னும் பெட்ரோல்தான். கையுறையைப் போட்டால் சின்ன ஸ்க்ரூ பிடிபடவில்லை என்று அண்ணனும் சில நேரம் கழற்றி வைத்துவிடுகிறான். ஒரே நாளில் எல்லாம் மாறிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நாம் கேட்க வேண்டியது

1984-ல் போபாலில் விஷவாயு கசிந்தபோது, உள்ளே என்ன இருந்தது என்பதே சுற்றி இருந்த மக்களுக்குத் தெரியாது. அதன் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தான பொருட்களைப் பற்றித் தொழிலாளருக்கு முதலாளி சொல்ல வேண்டும் என்று எழுதினார்கள். சட்டம் பெரிய தொழிற்சாலைகளின் கதவைத் தட்டியது. நாலு பேர் வேலை பார்க்கும் பட்டறைக்கு அது வரவே இல்லை. ஆனால் அந்தப் பட்டறைகளுக்கு நாம் போகிறோம். சட்டம் போகாத இடத்துக்குப் படிப்பாவது போக வேண்டாமா?

எனவே மாணவர் பேரவை மூலம் நம் துறைக்கு நான்கு கோரிக்கைகள் வைக்க வேண்டுகிறேன்.

ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் ஒவ்வொரு டின்னிலும் உள்ளே என்ன என்று தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். பெயர் இல்லாத டின்னைத் தொட மாட்டோம் என்று நாமும் முடிவெடுக்க வேண்டும்.

ஒவ்வொரு கரைப்பானுக்கும் பாதுகாப்புத் தகவல் தாள் இருக்கிறது. 16 பகுதிகள் கொண்டது. அதில் இரண்டாம் பகுதி ஆபத்தையும், எட்டாம் பகுதி என்ன அணிய வேண்டும் என்பதையும், ஒன்பதாம் பகுதி ஃபிளாஷ் பாயின்ட்டையும் சொல்லும். இந்த மூன்றையும் படிக்க நமக்கு ஒரு வகுப்பு வேண்டும். ஒரே ஒரு வகுப்பு போதும்.

பார்ட்ஸ் கழுவ மூடியுள்ள தொட்டி ஒன்றும், காற்றோட்டமான இடமும், கையுறையும் வேண்டும். பெட்ரோலில் கழுவுவதை ஒர்க்‌ஷாப்பில் அடியோடு நிறுத்த வேண்டும்.

ஃபிளாஷ் பாயின்ட் பரிசோதனையை எஞ்சின் ஆயிலோடு நிறுத்தாமல், பட்டறையில் உண்மையாகக் கழுவப் பயன்படும் மண்ணெண்ணெய், டர்பன்டைன் இவற்றுக்கும், ஆசிரியர் மேற்பார்வையில், அதற்குரிய மூடிய கப் கருவியில் செய்து காட்ட வேண்டும்.

இவற்றில் எதற்கும் லட்சக்கணக்கில் பணம் வேண்டாம். மனம் இருந்தால் போதும்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரி, முதல் டிப்ளமோ. நாளைக்கு நாம் சூப்பர்வைசராகலாம், சொந்தப் பட்டறையும் வைக்கலாம். அன்று நம் முன்னால் எட்டாவதோடு நின்ற ஒரு பையன் வந்து நிற்பான். அவனிடம், "தம்பி, இதைக் கழுவிட்டு வா" என்று நாமும் சொல்லத்தான் போகிறோம். எதில் கழுவணும், எதில் கழுவக் கூடாது, ஏன் என்று கூடவே இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, கையில் ஒரு கையுறையையும் கொடுப்போமா? அதைச் செய்தால்தான் நாம் படித்ததாக அர்த்தம்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!